சரிவின் அடியில் பிள்ளையார்

வேலாயுதம் நகர்,
தாம்பரம் கிழக்கு,
18-2-97

நீ அனுப்பின அந்தச் சக்கர நாற்காலி பதினோரு மாசமாக எனக்குப் புடவை உலர்த்தத்தான் உதவியது என்று இப்போது சொன்னால் கோபித்துக்கொள்ளாதே சாமுண்டி, மாமா அதில் ஊர் சுற்றி வருகிறார் என்று போன கடிதங்கள் எல்லாவற்றிலும் எழுதினது பச்சைப் பொய், அம்மனிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, நீ மட்டும்தான் பாக்கி. மற்றபடி நானும் உன் மாமாவும் பிழைத்துக் கிடக்கிறோம், நீ மஸ்கட்டில் அந்த ஆஸ்பத்திரி வேலையில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும். மூன்று வயதில் என் அண்ணன் உன்னைக் கொண்டுவந்து என் இடுப்பில் வைத்த நாளிலிருந்து உன்னிடம் பொய் சொன்னது இந்த ஒன்றுதான், அதனால் முழுக்கதையும் எழுதிவிடுகிறேன்.

சர்க்கரையால் மாமாவுக்குக் கால் எடுத்தார்களே, அதற்கப்புறம் முதல் தடவையாக நாற்காலியில் உட்காரவைத்து லைப்ரரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ஐந்து படி. எதிர் சலூன் ஜெயவேலுவும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கினார்கள். நல்ல மனசுதான், வாய் சும்மா இருக்கிறதா, இன்னா பெருசு, சாமி பொறப்பாடா, சுண்டல் எங்க என்று ஜெயவேலு கேட்க தெருவே சிரித்தது. மாமா வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இனிமே என்னை நாலு பேர் தூக்கறது ஒரே ஒரு தபாதான், அன்னிக்கு நான் வாயே திறக்கமாட்டேன் என்றார். அதோடு வாசல் தாண்டவில்லை. தினம் காலையில் லைப்ரரியில் பேப்பர் படித்து ஸ்ரீநிவாசராகவன் சாரோடு சண்டை போட்டால்தான் அவருக்குக் காபி ஜீரணமாகும், உனக்குத் தெரியாததா. வீட்டில் பேப்பர் வாங்கிப் போட்டேன், சண்டை போட ஆளில்லாமல் பேப்பர் எதுக்குடி என்று என்னோடு சண்டை போட்டார். ஐப்பசியில் அந்தச் சண்டையும் நின்றுபோயிற்று. அப்போதுதான் ஸ்ரீநிவாசராகவன் சாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஸ்ரீநிவாசராகவன் சார்தான் வந்து, டெல்லியில ஊனமுற்றவாளுக்குப் புதுச் சட்டம் போட்டிருக்கா, கவர்மெண்ட் கட்டடத்துல படிக்குப் பக்கத்துல சரிவு கட்டித்தரணும், மனு கொடுங்கோ என்றார். என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதிக்கொண்டு லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிற ஆபீசுக்குப் போனேன். ஆபீசர் தேவானந்தம் சார் இரண்டு தடவை படித்துவிட்டு, யாருக்கும்மா கால் இல்லை, பேரே போடலையே என்றார். தாலி கட்டினவர் பேரை நான் எங்கே எழுதுவது, எங்க வீட்டுக்காரர் என்றுதான் எழுதியிருந்தேன். அந்த ஒரு பேரைச் சொல்ல பக்கத்து வீட்டுக் கங்கம்மாவை மறுநாள் பஸ்ஸில் கூட்டிப்போனேன். அப்புறமும் அவர், ஒரே ஒரு ஆளுக்காகச் சரிவு எப்படிம்மா, வேணும்னா புஸ்தகத்தை வீட்டுக்கே அனுப்பச் சொல்றேன் என்றார். நான் விடவில்லை. சார், பைபிள் உங்க வீட்லயேதான இருக்குது, அப்புறம் எதுக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறீங்க என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். அதிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் கோயில் முடித்து நேரே அவர் மேசைக்குத்தான். அவருக்கு என் முகத்தைப் பார்த்தாலே மாரடைப்பு வரும்போல ஆகிவிட்டது. போகிற வழியில் பார்த்த சாமியிடமெல்லாம் வேண்டிக்கொண்டேன். சரிவு வந்தால் அதன் வாசலிலேயே உன்னை உட்காரவைக்கிறேன் என்று பிள்ளையாரிடம் சொன்னதாக ஞாபகம்.

தையில் சரிவு வந்துவிட்டது. சிமெண்டில், வழவழவென்று, ஓரத்தில் கைப்பிடிக் கம்பியோடு. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா. திருடிக்கொண்டு வந்த பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம் என்றாள் கங்கம்மா, அந்தப் பாவம் வேறயா என்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி ஒன்றரை அடியில் ஒரு கல் பிள்ளையார் வாங்கினேன். சரிவு தரையைத் தொடுகிற இடத்தில் நாலு செங்கல் அடுக்கி, கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, கற்பூரம் காட்டி, அறுகம்புல் சாத்தி முடித்தோம். எனக்கும் தோன்றவில்லை, பூசை வைத்த பூசாரிக்கும் தோன்றவில்லை, விழுந்து கும்பிட்ட நாற்பது பேருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மாமாவுக்குச் சலவைச் சட்டை போட்டு, ஒரு வருஷத்துக்கப்புறம் தெருவில் தள்ளிக்கொண்டு போனேன். தேவானந்தம் சாரும் வந்து நின்றிருந்தார். சரிவுகிட்டே போனதும் நாற்காலி நின்றுவிட்டது. இந்தப் பக்கம் போனால் பிள்ளையார் காது இடிக்கிறது, அந்தப் பக்கம் போனால் சக்கரம் சாக்கடையில் இறங்குகிறது. தேவானந்தம் சார், நான் மூணு மாசமா முடியாதுன்னு சொன்னதை உங்க சாமி ஒரே நாள்ல சொல்லிட்டாரேம்மா என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மாமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வண்டியத் திருப்புடி என்றார்.

திருப்பினால் அந்த மனிதர் இனி வாசலுக்கு வரமாட்டார், அது எனக்குத் தெரியும். ஜெயவேலுவையும் அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு, பிள்ளையாரைத் தூக்குங்கடா என்றேன். நாலு பேரும் பின்னால் போனார்கள். யக்கா, வெச்ச சாமியத் தொட்டா குத்தமாய்டும் என்றான் ஜெயவேலு. ஒரு மனுசனை மூட்டையாட்டம் தூக்கும்போது குத்தம் தெரியலையாடா என்று கேட்டேன். பூசாரி தூரத்தில் நின்று தோஷம் தோஷம் என்றார். எனக்கே வந்துட்டுப் போகட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நானும் கங்கம்மாவும் பிள்ளையாரை அப்படியே தூக்கி உன் மாமா மடியில் வைத்துவிட்டோம். வேறெங்கே வைப்பது, தெருவிலா. நல்லவேளை, அஷ்டபந்தன மருந்து சாத்திச் சிலையைச் செங்கல்லோடு ஒட்டியிருக்கவில்லை. மாமா குனிந்து பார்த்தார். இன்னா சாமி, நானும் எழுந்திருக்கமாட்டேன், நீயும் எழுந்திருக்கமாட்டே, வா, ஒண்ணாப் போவலாம் என்றார். செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு மூச்சுப் பிடித்துத் தள்ளினேன், மேலே போய்விட்டோம். பத்து நிமிஷத்தில் உள்ளேயிருந்து மாமாவும் ஸ்ரீநிவாசராகவன் சாரும் போடுகிற சத்தம் சலூன் வரைக்கும் கேட்டது, இங்கே சத்தம் போடக்கூடாது என்ற போர்டுக்கு நேர்கீழே. வெளியே நின்று அழுதேன், தூசி விழுந்தது என்று கங்கம்மாவிடம் சொன்னேன்.

பிள்ளையார் இப்போது பேப்பர் மேசை ஓரத்தில் இருக்கிறார். ஜெயவேலு தன் கடைப் படிக்கு நாலு மரச்சட்டம் சேர்த்துச் சரிவாக ஒரு பலகை அடித்துவிட்டான், ஆனால் அதன்மேல் சைக்கிளை நிறுத்துகிறான், தினம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். நீ வெயிலில் வெறும் வயிற்றோடு போகாதே, தலைக்கு எண்ணெய் வை, நாற்காலியின் முன்சக்கர ரப்பர் தேய்ந்துவிட்டது, யாராவது வந்தால் இரண்டு கொடுத்தனுப்ப மறக்காதே. எந்த வாசலிலும் உன்னை யாரும் நிறுத்தாமல் இருக்க எல்லா சாமியும் துணை.

உன்னை வளர்த்த அத்தை,
கிளியம்மாள்

உறையை ஒட்டப்போகும்போதுதான் ஞாபகம் வருகிறது. நான் வேண்டிக்கொண்டது பிள்ளையாரிடமே இல்லை. குன்றத்தூர் முருகனிடம். சரிவு வந்தால் மாமாவை மேலே கூட்டிக்கொண்டு வந்து உன் எதிரில் நிறுத்துகிறேன் என்று சொன்னேன். அந்த மலை முழுக்கப் படி.