விளக்கு வைத்தபின் பெருக்காதவள்

இன்று காலை எண்ணெய் விடுவதற்காக உன் தையல் மிஷினின் தலையைச் சாய்த்தேன். அடித்தட்டில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு நூல் உருண்டை. மெரூன், கிளிப்பச்சை, மஞ்சள் எல்லாம் எண்ணெயில் ஊறி, தூசி சேர்ந்து, செத்த எலி மாதிரி கிடந்தது. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இந்த அறையை எத்தனையோ தடவை கழுவித் துடைத்துவிட்டேன். இன்னும் உன் குப்பை ஓயவில்லை. செத்தும் திருந்தாத ஜென்மம் நீ.

புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் இந்த அறையை நாம் இருவரும் சேர்ந்துதான் பிடித்தோம். ஜன்னல் பக்கம் என் மிஷின், வாசல் பக்கம் உன்னுடையது. எனக்கு அணுமின் நிலைய டவுன்ஷிப் பெண்களின் ப்ளவுஸ் வேலை. உனக்கு மாமல்லபுரம் கடைகளில் தொங்கும் தோள்பை. வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவது என்று ஒவ்வொரு பையிலும் ஏழெட்டு நிறம் போடுவாய். நூலை நறுக்குவாய், வாயால் ஊதுவாய். அது எங்கே போய் விழுந்தது என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். பெரிய ராணி, ஊதினால் எடுக்க ஆள் இருக்கிறது!

வெட்டிய நூல் நேராக உள்ளே விழும்படி என் மேஜை ஓரத்தில் ஒரு துணிப்பை தைத்துக் கட்டியிருந்தேன். பார்த்தாவது புத்தி வரட்டும் என்று உனக்கும் ஒன்று தைத்துக் கட்டினேன். நீ அதில் வேர்க்கடலை போட்டு வைத்துக்கொண்டாய். தோலை மட்டும் கீழே போட்டாய்.

உன் தந்திரம் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? பகல் முழுக்கக் கதை பேசிக்கொண்டு தைப்பாய். பொழுது சாயும் நேரத்தில்தான் உனக்குச் சுறுசுறுப்பு வரும், நிமிரவே மாட்டாய். நான் சாமி படத்துக்கு விளக்கை ஏற்றிய பிறகு நிதானமாக எழுந்து சோம்பல் முறிப்பாய். நான் விளக்குமாற்றைத் தொட்டால் போதும், பெரிய பக்தை ஆகிவிடுவாய்.

"இன்னாடி நீ, வெளக்கு வெச்சப்புறம் எவளாவது பெருக்குவாளா? லட்சுமி பூடுவாடி. காலைல பாத்துக்கலாம் வுடு."

காலையில் யார் பார்ப்பது? முதலில் வருகிறவள் நான்தானே. கணுக்கால் வரை நூல் சுற்றிக்கொள்ளும் இந்த அறைக்குள் எந்த லட்சுமி வந்து உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உன் சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாமியை வேறு காவலுக்கு வைத்தாய்.

அந்த நிச்சயதார்த்த ப்ளவுஸை மறந்திருக்க மாட்டாய். சந்தன நிறப் பட்டு. லைனிங் கொடுத்து, கழுத்துக்குப் பைப்பிங் வைத்து, கொக்கி வரைக்கும் முடித்து மடித்து வைத்திருந்தேன். பெண்ணின் அம்மா வந்து வாசலிலேயே நின்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முதுகில், பட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவே, ஒரு மெரூன் நூல் புழு மாதிரி நெளிந்து தெரிந்தது. உன் பை நூல். பிரிக்க நேரமில்லை, அன்று மாலையே நிச்சயதார்த்தம். சுத்தமாகத் தைப்பவள் என்று நான் வாங்கியிருந்த பெயர் அந்த வாசற்படியிலேயே போய்விட்டது என்று நினைத்தேன். அந்தப் பெயரை விட்டால் எனக்கு வேறு என்ன இருந்தது?

நீ தையலை நிறுத்தக்கூட இல்லை.

"திருஷ்டிக்கு வெச்சதுமா அது. பொண்ணு மேல கண்ணு படக்கூடாதுன்னு. இவ கைல ஒரு பொட்டு நூலு தவறி வுழுமா? ஊருக்கே தெரியும். இவ வெச்சான்னா வேணும்னுதான் வெச்சிருப்பா."

அவள் நம்பினாள். நம்பியது மட்டுமா, ப்ளவுஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு மூளை அவ்வளவுதான். ஆனால் நீ செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் குனிந்து குனிந்து பெருக்கிச் சேர்த்த பெயரை எடுத்து உன் குப்பைக்குப் போர்த்திவிட்டாய். உன் பெயரைத்தானே காப்பாற்றினேன் என்று வேறு சொல்லிச் சிரித்தாய். நான் உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அது உனக்கு உறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். பேச்சு பரவி, செங்கல்பட்டிலிருந்து, மதுராந்தகத்திலிருந்தெல்லாம் கல்யாண ப்ளவுஸ் துணியோடு வந்து, திருஷ்டி நூல் வைத்துத் தரச் சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உன் காலடியிலிருந்து ஒரு துணுக்கைப் பொறுக்கி உள்ளே வைத்துத் தைத்தேன். "பெருக்காதடி, சரக்கு கீது" என்று நீ இளித்தாய்.

பிறகு ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்க வேண்டும் நீ. தைக்கிற இடத்தைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பாளாம். கீழே ஒரு நூல் கிடக்காதாம். நானும் தலையை ஆட்டிவைத்தேன். பிணத்துக்குப் பக்கத்தில் என்னத்தைச் சொல்வது?

இப்போது அறை சுத்தமாக இருக்கிறது. விளக்கு வைத்த பிறகும் பெருக்குகிறேன். லட்சுமி போகிறாளா என்று பார்த்துக்கொண்டுதான் பெருக்குகிறேன்.

நேற்று லைனிங் துணி எடுக்கச் செங்கல்பட்டு பஸ்ஸில் போனேன். பின்சீட்டில் இருந்தவள் என் தோளைத் தொட்டு, "யம்மா, முதுகெல்லாம் நூலு ஒட்டிகினு கீது" என்றாள். ஒன்றல்ல, வரிசையாக எடுத்துக் கையில் கொடுத்தாள். எல்லாம் லைனிங்குக்குப் போடும் வெள்ளை. என் நூல். இவ்வளவு நாள் அதோடுதான் மார்க்கெட் வழியாக நடந்திருக்கிறேன். யாரெல்லாம் பார்த்தார்களோ.

நீ இருந்தவரை அப்படி ஒரு நாள்கூட நடந்ததில்லை. நான் பையைத் தோளில் மாட்டியதும் மிஷினை விட்டு எழுந்து வருவாய். அது ஒன்றுக்குத்தான் எழுவாய். "நில்லு" என்பாய். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் முதுகைத் தடவி ஒவ்வொரு நூலாக எடுப்பாய். எடுத்ததை, வேறெங்கே, தரையில்தான் போடுவாய். உன் குப்பையைத்தானே எடுக்கிறாய், எடு என்று நானும் நிற்பேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உனக்குத் தலைகால் புரிந்திருக்காது.

இன்று சாயங்காலமும் லைட்டை அணைத்தேன், பெருக்கிய தரையை ஒருமுறை பார்த்தேன், பையை மாட்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்தேன். பூட்டை எடுக்காமல், உன் மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தினமும்தான் நிற்கிறேன்.