படத்தில் ஒரு சாண்

மார்ச் 14, புந்தா அரேனாஸ்
காற்று. மதியம் ஆட்டுக்கறி சூப்பு. இவ்வளவையும் எழுதி முடிப்பதற்குள் சூப்பு ஆறிவிட்டது. பரவாயில்லை. எழுபது வயதுக்கு மேல் எழுதப் படித்தவன் சூடாகவும் சாப்பிட ஆசைப்படலாமா?

மார்ச் 17
எதேல்மீராவிடம் போனில் பேசினேன். பண்ணையில் நான் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்த காலத்தில் அவள்தான் சமையல். இருவரும் துணையை இழந்தபின் ஞாயிறுதோறும் சீட்டு விளையாடினோம். போன வருடம் அவள் மகன் வந்து, வடக்கே கோகிம்போவுக்குக் கூட்டிப்போய்விட்டான்.

"நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டேன். இதைக் கேட்கத் துணிச்சல் வர ஒரு வருடம் ஆயிற்று.

"அடேயப்பா, அவ்ளோ தூரம்! பிளேன்ல உன் இடுப்பு கழண்டுரும் கிழவா."

வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

மார்ச் 19
நான் எழுதப் படிக்கப் போகிற மாலை வகுப்பின் சுவரில் நம் நாட்டு வரைபடம். இப்போது நானே படிப்பேனே! புந்தா அரேனாஸ் அடியில், வலது ஓரம். கோகிம்போவும் அடியில்தான், இடது ஓரம். கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாண்!

நதாலெஸ் ஊருக்கு ஒரு விரல் நீளம். பஸ்ஸில் மூன்று மணி நேரம். அப்படியென்றால் கோகிம்போவுக்குக் காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் போய்விடலாம். பஸ்ஸிலேயே! பிளேன் எதற்கு?

வடக்கு தூரம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஆனால் அச்சடித்தது பொய் சொல்லுமா?

மார்ச் 20
தூரமாம், தூரம்! வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைச்சா என்ன?

மார்ச் 24
அவள் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 26
"என்ன ரெமீஹியோ ஐயா, மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் யஸ்னா டீச்சர்.

படத்தின்மேல் சாண் போட்டுக் காட்டினேன். டீச்சர் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, நம்ம நாடு இருக்கற நீளத்துக்கு இந்தச் சுவர் பத்துமா? அதான் மூணு துண்டா வெட்டிப் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்காங்க. கோகிம்போ முதல் துண்டோட அடி, நாம மூணாவதோட அடி. ரெண்டு துண்டு முழுசா இறங்கி வரணும்!"

போனில் தேடிச் சொன்னாள். பறந்து போனாலே ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். தலைநகர் சாந்தியாகோவில் வேறு விமானம் மாற வேண்டும்.

இரண்டாயிரத்து அறுநூறு! அப்படியானால் அவள் சாக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே என் இடுப்பை நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

"தூரம்னு கேட்டு இப்படிக் குதிக்கிற மனுஷன இப்பதான் பார்க்கறேன்" என்றாள் டீச்சர்.

மார்ச் 27
"நீ சொன்னது நிஜம். ரொம்ப தூரம்!" என்றேன் எதேல்மீராவிடம், போனில்.

"இதைச் சொல்லத்தான் மூணு நாளா போனை எடுக்கலியா?"

"இடுப்பு தாங்கும். வரட்டுமா?"

அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"வர்றதுன்னா ஒரு வழி டிக்கெட் மட்டும் போடு. திரும்பிப் போறதுக்கும் சேர்த்துப் போட்டே, வாசல்லயே நிக்க வெச்சிருவேன்."

ஜூன் 8, கோகிம்போ
என் கம்பளிக் கோட்டை எதேல்மீரா மீன்காரனுக்குக் கொடுத்து, இரண்டு கொழுத்த மீன் வாங்கிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தத் தெற்குக் குளிரெல்லாம் இல்லாத இந்த ஊர்ல உனக்கு அது எதுக்கு?" என்கிறாள்.

வறுவல் பிரமாதம்.