போகலாம்தானே?

பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒருவர் ஈர வலை மூட்டையோடு வந்து உட்கார்ந்தார். அந்த வாடை. அவர் கருக்களாச்சேரியில் இறங்கினார். நீ மட்டும் என் நினைவிலிருந்து இறங்கவில்லை.

கல்லூரி முடித்து நாம் இருவரும் வேலைக்குக் காத்திருந்த வருஷங்கள். நெல் விற்ற காசில் உங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்திருந்தது. ஒரு சாயங்காலம் கடற்கரை டீக்கடையில் சொன்னாய்: "நாளைக்குக் காத்து பலமா இருக்கும்." இருந்தது.

"காலேஜுத் தம்பிக்குக் கரிநாக்குப்பா!"

"ரேடியோவில சொன்னாங்கண்ணே."

அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுவாரம் மீனவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்: "வடக்க கறுக்குதே தம்பி, எப்படி?"

முதலில் ரேடியோவைக் கேட்டுச் சொன்னாய். பிறகு அதன் பெயரைச் சொல்வதை விட்டாய். பிறகு ரேடியோவையே விட்டாய்.

கடலோடு வளர்ந்தவர்கள் அவர்கள். உன்னிடம் என்ன இருந்தது? பின்னால் நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பாதிப் பதில் கேள்வியிலேயே இருக்கிறது. மீதி பேசப் பேச உண்டாகிறது. எது யாருடையது என்று பிறகு பிரிக்க முடியாது. நீ அதைப் படிக்காமலே சொன்னாய்:

"தனியா இருந்தா எனக்கு ஒண்ணுமே தெரியலடா. அவங்க கேட்டாத்தான் தெரியுது."

சிரிக்காமல் சொன்னாய். அப்போதே, பேசுமுன் கண்ணை மூடும் பழக்கம் உனக்கு வந்திருந்தது.

அந்த ஐப்பசியில் பல நாளாகப் படகு இறங்கவில்லை. வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ரேடியோ கடலுக்குப் போக வேண்டாம் என்றது. உன்னிடம் சொன்னேன்.

"அது மெட்ராஸ்ல உக்காந்து சொல்றதுடா."

அன்று கடையில் யாரும் 'எப்படி' என்று கேட்கவில்லை. "போகலாம்தானே தம்பி?" என்றார்கள். கண்ணை மூடினாய்.

"போகலாம்."

"அப்ப நீங்களும் வாங்க!" யாரோ கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். மறுத்திருந்தால் அந்த இடத்தில் நீ யாராக இருந்திருப்பாய்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினாய்.

காற்றில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் பலகையைப் பற்றிக் கரை சேர்ந்தார்கள். உனக்கு நீச்சல் தெரியாது. அதை மட்டும் யாரும் உன்னிடம் கேட்டதில்லை.

போன வாரம் ஒரு பெண் என் வாசலில் நின்றாள். அவள் கணவன் படகு இறக்கக் காத்திருந்தான்.

"நீங்க அவரு கூடவே இருந்தவங்க. இன்னிக்கு எப்படிங்க?"

"எனக்குத் தெரியாதும்மா."

அவள் நகரவில்லை. "பயப்பட வேணாம்தானே?"

அவளுக்கு என்ன வேண்டும் என்று முகத்திலேயே தெரிந்தது. என் தொண்டையில் ஒரு சொல் திரண்டு வந்தது. அது என்னுடையது அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நான் மறுக்கவில்லை என்பதை அவள் பார்த்தாள். பிறகு கும்பிட்டுவிட்டு, நிம்மதியாகக் கடற்கரைப் பக்கம் நடந்தாள்.