விளக்கக் கட்டத்துக்கு அடியில் இருக்கும் கடல்

ஜூன் 12, வியாழன்

ஐந்தாம் வகுப்பில் இன்று பூகோள உருண்டை. பீரோவிலிருந்து எடுத்துத் தூசி தட்டி மேசைமேல் வைத்ததுதான் தாமதம், வகுப்பே எழுந்து வந்துவிட்டது. இது பூமி இல்லை, பூமியின் மாதிரி என்றேன். பொம்மைக் கார் காரைப் போலவே இருக்கும், அதில் ஏறிக் கடைக்குப் போக முடியுமா? முடியாது என்று கத்தினார்கள். நிஜ பூமிக்கு நடுவில் கம்பி கிடையாது, நாடுகள் பச்சையும் மஞ்சளுமாக இருக்காது, எல்லைக்கோடு தரையில் தெரியாது. தொண்டை வற்றச் சொன்னேன்.

பின்வரிசைக்காரி ஒருத்தி, வாய் ஓயாதவள், பசிபிக் கடலின் தெற்கே ஒரு கட்டத்தைத் தொட்டு, "டீச்சர், இங்க மட்டும் ஏன் எழுத்தா இருக்கு?" என்றாள். உருண்டை செய்த கம்பெனியின் பெயரும், எந்தக் கோடு எதைக் குறிக்கும் என்ற விளக்கமும் அந்தக் கட்டத்தில்தான் அச்சாகியிருக்கின்றன.

"அங்க ஒண்ணும் இல்ல, வெறும் தண்ணி. அதான் அங்க எழுதிட்டாங்க." வருஷா வருஷம் நான் சொல்கிற பதில்.

என் மகளும் இதே வகுப்புதான். பள்ளிக்குள் நான் டீச்சர், வாசலைத் தாண்டினால் அம்மா. இதில் மட்டும் அவள் என்னைவிடக் கறார். அவள் அப்பா சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை செய்கிறார். எங்கே இருக்கிறேன் என்று அவர் போனில் சொன்னால், மறுநாள் காலை மணி அடிக்குமுன் உருண்டையில் சிவப்பு ஸ்டிக்கரை உரித்து அந்த இடத்தில் ஒட்டிவிடுவாள். நல்ல கையெழுத்துக்கு நோட்டில் ஒட்ட நான் வாங்கி வைத்திருக்கும் ஸ்டிக்கர்.

ஜூன் 16, திங்கள்

அவர் போன் செய்தார். ஒரே இரைச்சல். "இனிமே கொஞ்ச நாளைக்குக் கரையே கண்ணுல படாது. ஸ்டிக்கரை நீலத்துலயே ஒட்டச் சொல்லு குட்டிய." மீசையை எடுத்துவிட்டாராம். என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் கப்பல் கம்பெனியிலிருந்து போன். ஒரு பையன் குரல். "மேடம், பதட்டப்படாதீங்க. கப்பலோட தொடர்பு விட்டுப்போச்சு. தேடுறதுக்கு ஆள் கிளம்பிட்டாங்க." பூசி மெழுகினான். கடைசியாக சிக்னல் வந்த இடம் எது என்று அதட்டிக் கேட்டேன். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் படித்தான்.

இதைச் சொல்லிக்கொடுப்பதுதானே என் பிழைப்பு. மதிய இடைவேளையில் உருண்டையின் முன் நின்றேன். ஒரு விரல் குறுக்காக, ஒரு விரல் நெடுக்காக. இரண்டும் விளக்கக் கட்டத்துக்குள் போய் முட்டின. கம்பெனிப் பெயரின்மேல்.

மணி அடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.

ஜூன் 25, புதன்

தேடுகிறார்களாம்.

ஜூன் 27, வெள்ளி

நாத்தனார் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அண்ணி, பிள்ளைகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்.

சொன்னேன். கப்பல் எங்கே என்று தெரியவில்லை, தேடுகிறார்கள் என்று. எந்த இடம் என்று கேட்டாள். கட்டத்துக்குள் என்றேன்.

"அது நாலு விரல் அகலம்தானே. பிளேன்ல போய்ப் பார்த்தா தெரிஞ்சுடும்ல?"

எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தவறுதான். உருண்டையைப் பார்த்துப் பார்த்து, பூமியே கைக்கு அடங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். உருண்டையில் ஒரு நகத்தின் அகலம் நிஜத்தில் நானூறு கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம் என்றேன். தன் சுண்டுவிரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா கப்பலை உருண்டையில வரைஞ்சா எவ்வளவு பெருசு வரும்?"

வரையவே முடியாது என்றேன். பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஜூலை 3, வியாழன்

உருண்டையை யாரோ சுரண்டியிருந்தார்கள். விளக்கக் கட்டம் இருந்த இடத்தில் தாள் பிய்ந்து சாம்பல் நிற அட்டை தெரிந்தது. தலைமை ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, "உங்க வகுப்பு, நீங்கதான் விசாரிக்கணும்" என்று போய்விட்டார். இருந்த ஆத்திரத்தையெல்லாம் பிள்ளைகள்மேல் கொட்டினேன். எல்லாரையும் நிற்கவைத்தேன்.

அப்புறம்தான் என் மகளின் நகங்களைப் பார்த்தேன். நீலம்.

"டீச்சர், அடியில கடல் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். "அட்டைதான் இருந்துச்சு."

எல்லாரையும் உட்காரச் சொன்னேன். கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கவிழ்ந்த உயிர்காப்புப் படகு ஒன்று கிடைத்ததாம், அதில் யாரும் இல்லையாம். "எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம் மேடம்." அதே பையன். அவனும் அழுதான், பாவம்.

மீசை. கடைசியா அதுக்கா சண்டை போட்டேன்? எடுத்தா எடுத்துட்டுப் போறார்னு விட்டிருக்கக் கூடாதா? மீசையில்லாத அந்த முகம் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாதே —

ஜூலை 10, வியாழன்

மகளிடம் சொன்னேன். உருண்டையை ஒட்டிச் சரிசெய்ய வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன், அவள் பக்கத்தில்தான் அது இருந்தது.

"அப்பாவுக்கு நீச்சல் தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

பிய்ந்த இடத்தில் சுண்டுவிரலை வைத்தாள். அங்கிருந்து பக்கத்துக் கரைவரை நகம் நகமாக அளந்துகொண்டே போனாள். பாதி வழியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்த கணக்கு. அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எவ்வளவு பசை போட்டும் பழையது ஒட்டவில்லை. பள்ளிக்குப் புது உருண்டை வந்திருக்கிறது. வேறு கம்பெனி. கட்டம் மட்டும் அதே இடத்தில்.

பாடத்தை மறுபடி எடுத்தேன். அந்த வாய் ஓயாதவள் கையைத் தூக்குமுன் நானே சொல்லிவிட்டேன்: "விளக்கம் எழுத எங்கயாவது இடம் வேணும், அதான் இங்க எழுதியிருக்காங்க. அடியிலயும் கடல்தான். ஆழமான கடல். இந்த மாதிரியில அதைக் காட்ட முடியல." விஷயம் எல்லாருக்கும் தெரியும்.

மணி அடித்து எல்லாரும் போனபிறகு என் மகள் மட்டும் நின்றாள். கையில் சிவப்பு ஸ்டிக்கர்.

"அம்மா, ஒட்டட்டுமா?"

பள்ளிக்குள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஒட்டு என்றேன். எட்டவில்லை, உருண்டையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். எழுத்துகளின்மேல் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள்.

"இனிமே நகர்த்த வேணாம்ல?"

"வேணாம்" என்றேன்.