சனிக்கிழமைக் கேள்விகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? பாலம் கட்டும் இடத்தில் மழை விட்டதா? லீவு முடிந்து அங்கே திரும்பும் சர்வேயர் மாமா, நாளை வந்து இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நாம் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறோம், அம்மா பக்கத்திலேயே இருப்பாள். இது அம்மாவைப் பற்றிய விஷயம். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் மற்ற செய்திகள். கட்டுரையில் நான்தான் முதல். கணக்கு வழக்கம்போல் காலை வாரிவிட்டது. பால்கனிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால், "இதோ வந்துட்டே இருக்கேம்மா" என்கிறார். எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறார் என்று தெரியவில்லை. அடுத்த வருடம் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்கு நீங்கள் வைத்த 'கேள்வித்தாள்' என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்!

பேனா அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு அதையே மேஜையடியில் தேடுவாளே, அவள்தான். அம்மாவின் லிஃப்ட் கம்பெனியில் உதிரிப் பாகங்கள் பிரிவில் இருக்கிறாள். ஒவ்வொரு பெரிய அதிகாரியும் இளையவர் ஒருவரைப் பொறுப்பேற்று வேலையில் வளர்த்துவிட வேண்டும் என்று கம்பெனியில் ஓர் ஏற்பாடு உண்டல்லவா? அம்மாவுக்கு வந்தவள் இவள். சனிக்கிழமைகளில் நம் சாப்பாட்டு மேஜையில்தான் வகுப்பு. அம்மா எதிரே உட்கார மாட்டாள், பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். எதிரே உட்கார்ந்தால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடுமாம். இன்னொரு விதியும் உண்டு. அம்மா எந்த யோசனையும் சொல்ல மாட்டாள், கேள்வி மட்டுமே கேட்பாள். நான் சோபாவில் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆரம்பத்தில் எதற்கெடுத்தாலும் "நீங்களே சொல்லுங்க மேடம்" என்று கெஞ்சிய அக்கா, இப்போது அம்மா வாயைத் திறக்கும் முன்பே கேள்வியைப் பிடித்துவிடுகிறாள். அதைப் பார்த்து அம்மா சிரிக்கும் சிரிப்பை நான் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் பார்க்க முடியாது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

போன வாரம் பள்ளியிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தோம். அம்மாவின் டைரக்டர் கூப்பிட்டார். அழைப்பு கார் ஸ்பீக்கரில் வந்துவிட்டது. "கூடப் பொண்ணு இருக்கா சார்" என்று அம்மா சொல்வதற்குள் அவர் பாதியைச் சொல்லிவிட்டார். "நம்ம வீட்டுப் பிள்ளைதானே, பரவாயில்ல" என்று மீதியையும் சொன்னார். வருடக் கடைசியில் உதிரிப் பாகங்கள் பிரிவை மூடி, வேலையை வெளியாளிடம் கொடுக்கப் போகிறார்களாம். அங்கே இருக்கும் யாருக்கும் வேறு இடம் கிடையாதாம். முடிவாகிவிட்டதாம். "உங்க சிஷ்யை காதுக்கு மட்டும் போயிடக் கூடாது, பாத்துக்கங்க" என்றார்.

அம்மா ஒரு டயர் கடை ஓரமாகக் காரை நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். பிறகு, "கேட்டது உன்னோடயே இருக்கணும் கண்ணு. இது வெளிய போனா என் வேலையும் போயிடும். வெளிய சொல்ல மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றாள். அக்காவிடம் ஜாடையாகவாவது சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "நான் வழக்கமில்லாம ஒரு யோசனை சொன்னாலே போதும், அவ ஏன்னு கண்டுபிடிச்சிடுவா. இத்தன நாளா அதத்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

நேற்று அக்கா வந்தாள். பை நிறையப் பழம், முகம் நிறையச் சிரிப்பு. வேறொரு கம்பெனியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். தானாகவே வழி பிறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கேட்க ஆரம்பித்தாள். அங்கே போனால் என்ன கிடைக்கும்? இங்கேயே இருந்தால் எதை இழப்பாய்? ஒரு பிரிவு நிரந்தரம் என்று எதை வைத்து நம்புகிறாய்? உன் சம்பளத்தை நம்பி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு கேள்வியையும் ஒரு கதவைத் திறந்துவைப்பதுபோல் கேட்டாள். அக்காவோ பரீட்சை எழுதுகிறவள்போல் ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பதில் சொன்னாள். தன் அம்மாவும் தம்பியும் தன் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள், அதனால்தான் தெரியாத இடத்தில் காலை வைக்கப் பயம் என்றாள். "லிஃப்ட் ஓடுற வரைக்கும் உதிரிப் பாகம் வேணும்ல மேடம்? இந்தக் கேள்விய நீங்க கேப்பீங்கன்னு வீட்டுலயே யோசிச்சு வெச்சிருந்தேன்!" என்று சிரித்தாள். அம்மா அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டாள். அதற்கும் பதில் தயாராக இருந்தது. கடைசியில், "எல்லாப் பக்கமும் பாத்துட்டேன் மேடம். இங்கயே இருக்கறதுதான் சரி. அதுவும் உங்கள மாதிரி ஒருத்தர் அங்க எனக்குக் கிடைக்க மாட்டாங்க" என்றாள். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் வழியனுப்புவதாகச் சொல்லிக் கீழே வாசல்வரை போனேன். சொல்ல மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் நானும் கேட்டேன், அப்பா. "திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கேக்கா, இன்னைக்கே வேணாம்னு சொல்லணுமா?" என்றேன். அக்கா என் தலையைக் கலைத்து, "அடடா, குட்டி மேடம்! என் உறுதிய சோதிச்சுப் பாக்கச் சொல்லி அம்மா அனுப்பினாங்களா?" என்று சிரித்தாள். இல்லையக்கா என்றேன், அவள் நம்பவில்லை. "தள்ளிப் போட்டா முடிவு எடுக்கத் தெரியலன்னு அர்த்தம். இப்பவே அனுப்பறேன், மேல போய் மேடம்கிட்ட சொல்லு" என்று ஃபோனை எடுத்தாள். வேண்டாம் என்று எழுதி, என் கண் முன்னாலேயே அனுப்பினாள். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். என் கை எழவே இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "பாஸா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே வந்தபோது அம்மா கழுவின டம்ளரையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். அனுப்பிவிட்டாள் என்றேன். குழாயை மூடினாள். "நான் வேற என்னதான் செஞ்சிருக்கணும்?" என்று கேட்டாள். அம்மாவின் கேள்வி ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும், நாம் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு அவளிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. நான் படிக்கும் கதைகளில் ரகசியத்தை மறைப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்களாக இருக்கிறார்கள். அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. இன்று காலையில் அக்கா கொண்டுவந்த பழங்களை அப்படியே வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

நீங்கள் இதைப் படிக்கும்போது திங்கட்கிழமை போயிருக்கும். எதையாவது செய்யுங்கள் என்று கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை, செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். அடுத்த சனிக்கிழமையும் அக்கா வருவாள். வருடக் கடைசிவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவாள். அம்மா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

ஒரு நாள் அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிடும். அம்மாவுக்கு முன்பே தெரியும் என்பதையும் அவள் கண்டுபிடித்துவிடுவாள், அவள் அவ்வளவு கெட்டிக்காரி. அன்றைக்குக் கதவைத் திறக்கிற ஆள் நானாக இருக்கக் கூடாது அப்பா. பாலம் கொஞ்ச நாள் காத்திருக்காதா? எப்படியாவது லீவு கேட்டு, வருடக் கடைசியில் வீட்டில் இருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுக்குத் தைலம் சர்வேயர் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்
அன்பு மகள்