வாடகை கேட்காத வெள்ளை

ஆஸ்டின் டவுன்,
வியாழக்கிழமை

அன்புள்ள வீணாவுக்கு,

தங்கவயலில் நீயும், உன் அண்ணன் வீட்டாரும், பிறந்த குழந்தையும் சுகம்தானே? போன் செய்தால் என் பெயரைப் பார்த்ததும் துண்டித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எழுதவே கை கூசுகிறது.

இங்கே நல்ல மழை. சமையலறை ஓரம் ஒழுகுகிறது. வரைந்த படங்களை எல்லாம் கட்டில்மேல் ஏற்றிவிட்டேன். பீன்யா தொழிற்சாலையில் இந்த வாரம் பகல் ஷிப்ட். நீ இடித்து வைத்த பருப்புப்பொடியில்தான் காலம் தள்ளுகிறேன்.

பத்திரிகைக்காரர் கிரண் வந்தாரே, ஓவியம் பற்றி என்னென்ன படிப்பீர்கள் என்று கேட்டார். வேலை விட்டு வந்ததும் தினமும் இங்கிலீஷ் புத்தகம் படிப்பேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ பூண்டு உரித்துக்கொண்டே படித்துத் தமிழில் சொல்வாய், நான் வரைந்துகொண்டே கேட்பேன் என்று சொல்ல ரோஷம் விடவில்லை. இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அந்தப் பேட்டி வெளிவந்ததும் நீ படித்தாய் என்று உன் அண்ணன் சொன்னார். சாப்பிடாமல் எழுந்து போனாயாம்.

நேற்று நடந்தது அதைவிடக் கேவலம். பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் அந்தத் தடித்த புத்தகத்தில் எனக்குப் பிடித்த வரி என்று, தாளில் வண்ணம் படாத இடத்தைப் பற்றி கிரணிடம் ஒன்று சொல்லியிருந்தேன். "அந்த வெள்ளையை அப்படியே விடுய்யா, அது உன்கிட்ட வாடகையா கேக்குது?" சனிக்கிழமை அல்சூர் கண்காட்சியில் என் ஏரிப் படத்துக்குக் கீழே அதை மாட்டவேண்டும், பக்கத்தைக் காட்டுங்கள் என்று வந்து நின்றார். நானும் தெரிந்தவன் மாதிரிப் புரட்டினேன். பிறகு அவரே முழுக்கத் தேடினார். இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பிரெஞ்சுக்காரன் வாடகையைப் பற்றிப் பேசுவான்? அது உன் பேச்சு.

அதையாவது ஒப்புக்கொண்டேனா? வீட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார்கள் என்றேன். புத்தகங்களுக்கு அட்டை போட்டுப் பாதுகாக்கிற உன்மேல் பழியைப் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இன்று காலையில் அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், அப்படியானால் நீங்கள் சொன்ன மற்ற வரிகளில் எது புத்தகம், எது உங்கள் மனைவி என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், வீணா. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பெரிய மேதைகள் சொன்னது என்று நம்பி இத்தனை வருஷம் வரைந்ததில் பாதி நீ சொன்னதாக இருக்கும்.

அந்த வரிக்குக் கீழே உன் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அது இருக்கும்.

அண்ணிக்கு உடம்பு தேறட்டும். குழந்தை நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். கோபத்தை விட்டுவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. கோபத்தோடே வா. வந்து படி. புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துப் படி.

தலைகுனிந்து,
உன் ரகு