சிவப்புப் பொத்தானுக்கு இரண்டு விரல்கள்

அக்டோபர் 13, 2020, செவ்வாய்

இல்லை, பயமாக இல்லை. இருமுகிறவர்கள் யாரும் இங்கே வருவதில்லை. அவர்கள் எச்சில் தொட்டு ஒட்டிய உறைகள் மட்டும்தான் வருகின்றன, ஒரு நாளைக்கு நாலாயிரம். வாசலில் பதாகை: பாதுகாப்பான தேர்தல்.

பல்கலைக்கழகம் கணினித் திரைக்குள் போய்விட்டது. இலக்கிய ஆய்வைப் பாதியில் விட்டு ஊருக்கு வந்த எனக்குக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தேர்தல் அலுவலகத்தில் ஆறு வார வேலை. கையொப்பம் பார்ப்பது. எல்லோரும் தபாலில் வாக்களிக்கிறார்கள். உறையின் மேல் போட்ட கையொப்பத்தை இயந்திரம் படம் எடுத்து, அவர் எப்போதோ ஓட்டுநர் உரிமத்துக்காகப் போட்டதோடு பொருத்தம் பார்க்கிறது. பத்துப் பொருத்தமும் இருந்தால் சீட்டு உள்ளே. சந்தேகம் வந்தால் படம் எங்கள் திரைக்கு வரும். பச்சைப் பொத்தான்: பொருந்துகிறது. சிவப்பு: பொருந்தவில்லை.

எங்கள் என்றால் இரண்டு பேர். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஜோடியாக உட்கார வேண்டும் என்பது சட்டம். ஒருவர் பச்சை அழுத்தினாலே போதும், சீட்டு உள்ளே போய்விடும். நிராகரிக்கத்தான் இருவரும் சிவப்பு அழுத்த வேண்டும். ஆக, இந்த நாட்டில் இரு கட்சிகளும் ஒத்துப்போக வேண்டிய ஒரே காரியம், ஒருவருடைய வாக்கைத் தடுப்பது.

நான் கழுதைச் சின்னம். என் ஜோடி யானைச் சின்னம். வெர்னான் ஸ்டப்ஸ், முப்பது வருடம் பனி அள்ளும் லாரி ஓட்டியவர். எங்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு. முகக்கவசம் அவருக்கு மூக்குக்குக் கீழே, தாடிக்கு வேலி போட்ட மாதிரி.

"காலேஜு, முதல்லயே சொல்லிடறேன். இந்த மெஷினை நான் நம்பல."

"மூக்கை மூடிட்டு நம்பாம இருங்க, வெர்னான்."

அக்டோபர் 16

இயந்திரத்தை நம்பாதவர் மனிதர்கள் எல்லோரையும் நம்புகிறார். பச்சை, பச்சை, பச்சை.

அக்டோபர் 20

ஒவ்வொரு கையொப்பத்துக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கிறது.

புழு நெளிந்தது போல ஒன்று. "வண்டி பானெட் மேல வெச்சுப் போட்டிருப்பான்." பச்சை.

பாதியில் அறுந்துபோன ஒன்று. "இடுப்புல குழந்தை. பேனாவைப் பிடுங்கியிருக்கும்." பச்சை.

"இது எதுவுமே உங்களுக்குத் தெரியாது," என்றேன்.

"உனக்குத் தெரியுமா?"

தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்தார்கள்: வரியை மட்டும் படி, எழுதியவரைத் தேடாதே. நன்றாகப் படித்திருக்கிறேன். மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறது.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை," என்றார், என் கட்சிச் சின்னத்தைப் பார்த்து. பத்து நிமிடம் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 26, திங்கள்

கைப்பேசி அதிர்ந்தது. "மாரிட் ஹௌகன் அவர்களே, உங்கள் வாக்குச்சீட்டில் ஒரு பிரச்சினை." அனுப்பியது எனக்கு மூன்று கஜம் தள்ளி உட்கார்ந்திருக்கும் எங்கள் இயந்திரம்.

உரிமத்துக்குக் கையொப்பம் போட்டபோது எனக்குப் பதினாறு வயது. பெயரின் நடுவில் ‘i’ எழுத்தின் புள்ளி வர வேண்டிய இடத்தில் ஓர் இதயம் வரைந்திருக்கிறேன். இப்போது என் கையொப்பம் ஒரே ஒரு கோடு, லேசான சலிப்போடு. பல்கலைக்கழகத்தில் பழகியது.

என் உறையை நானே பார்க்கக் கூடாது. அது திரைக்கு வந்த ஐந்து நிமிடமும் என் நாற்காலியில் உட்கார்ந்தவர் மேலாளர் கொரின் ட்ருஹியோ. அவரும் கழுதைதான். சிவப்பு. வெர்னான் ஒருவர் பச்சை அழுத்தியிருந்தால் போதும். ஊரில் உள்ள புழுவுக்கெல்லாம் பச்சை காட்டியவர்.

"எனக்கு மட்டும் ஏன்?" என்று வெர்னானைக் கேட்டேன்.

"தெரிஞ்ச பொண்ணுன்னு விட்டா நாளைக்கு ஊரே பேசும். உன்கிட்ட போன் இருக்கு, நாற்பது செகண்ட்ல சரி பண்ணிடுவே. அதுவுமில்லாம, அந்த இதயத்தைப் போட்ட பொண்ணும் நீயும் ஒண்ணா?"

கழிப்பறையில் நின்று உரிமத்தைப் படம் எடுத்தேன், சுட்டியைத் தொட்டேன், விரலால் ஒரு கோடு. நாற்பது வினாடிகூட ஆகவில்லை. வாக்கு உள்ளே. தொழில்நுட்பம் வாழ்க.

இருந்தாலும் எரிகிறது.

அக்டோபர் 27

நாள் முடியப் பத்து நிமிடம். திரையில் ஓபல் ஹெனிகர், கிராவல் கிரீக் பள்ளத்தாக்கு. பழைய கையொப்பம் தட்டில் அடுக்கிய பன் ரொட்டிகள் போல உருண்டையாக இருந்தது. புதியது காற்றில் சாய்ந்த முள்வேலி. நான் உடனே சிவப்பு அழுத்தினேன்.

வெர்னான் அழுத்தவில்லை. "இவங்களுக்கு என்னமோ ஆயிருக்கு."

"என்னமோன்னா?"

"தெரியல. கை நடுங்கியிருக்கு. ஆனா பாரு, பொறுமையா போட்டிருக்காங்க. திருட்டுக் கையெழுத்துப் போடறவன் விறுவிறுன்னு போட்டுட்டுப் போவான்."

"கதை வேணாம் வெர்னான். படம். நேத்து எனக்கு ஒரு நியாயம், இன்னிக்கு இவங்களுக்கு ஒரு நியாயமா? தெரிஞ்சவளுக்கு சிவப்பு, தெரியாதவங்களுக்கெல்லாம் பச்சையா? இதைத்தானே மோசடின்னு உங்க ஆளுங்க ரேடியோவில கத்தறாங்க?"

தடுப்பின் வழியாக என்னையே பார்த்தார். முகக்கவசத்தை முதன்முறையாக மூக்குக்கு மேலே இழுத்துவிட்டார். சிவப்பு.

ஜெயித்தேன்.

அக்டோபர் 30

வெர்னான் இப்போதெல்லாம் கதை சொல்வதில்லை. ஒரே நியாயம். நான் சிவப்பு, அவரும் சிவப்பு. வேலை வேகமாக நடக்கிறது. கொரின் பாராட்டினார்.

நிராகரித்தவர்களுக்கு அன்றன்றே தகவல் போகிறது. போன் எண் பதிவில் இருந்தால் குறுஞ்செய்தி, இல்லாவிட்டால் கடிதம். "கீழே உள்ள QR சதுரத்தைக் கைப்பேசியால் படம் பிடியுங்கள்." தேர்தல் முடிந்து எட்டு நாளுக்குள் சரிசெய்யலாம். அதாவது நவம்பர் பதினொன்று. தாராளம்தான்.

நவம்பர் 3

இன்று தேர்தல். நாடு முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாங்களும்தான், வேறு திரை.

நவம்பர் 5, வியாழன்

தபாலில் ஒரு கடிதம். உறையின் மேல் அந்த முள்வேலி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. இப்போது மட்டும் எப்படித் தெரிந்தது?

கொரின் சத்தமாகப் படித்தார். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"உங்கள் சதுரம் வந்து சேர்ந்தது. என்னிடம் கைப்பேசி கிடையாது. இருந்தாலும் இங்கே சிக்னல் கிடையாது. ஆகஸ்டில் பிடித்த காட்டுத்தீயில் போன் கம்பங்களும் போய்விட்டன. சதுரத்தை நான் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பது நாள் குழாய் வழியாக மூச்சுவிட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறேன். வலது கை இன்னும் திரும்பவில்லை. கையொப்பம் இடது கையால் போட்டது. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறேன். ஒரு தேர்தலும் விட்டதில்லை. இன்னும் என்ன வேண்டும் என்று தயவுசெய்து தபாலில் தெரிவிக்கவும்."

தபால் போக மூன்று நாள், வர மூன்று நாள். மீதி இருப்பது ஆறு நாள், அதில் ஒரு ஞாயிறு.

வெர்னான் கடிதத்தை வாங்கிப் படித்தார், மடித்தார், கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

பொறுமையா போட்டிருக்காங்க பாருன்னாரே. பார்த்தேனா? பார்க்கவேயில்ல. அந்த அம்மா வாக்கு எனக்கு ஒண்ணுமேயில்ல அப்போ — இவரை மடக்கணும், அவ்வளவுதான். நான்தானா அது? நானேதான்.

நவம்பர் 6

நேரில் போகலாமா என்று கொரினிடம் கேட்டேன்.

"போகலாம். ஆனா ரெண்டு கட்சியும் போகணும். நீ மட்டும் போய் வாங்கிட்டு வந்தா செல்லாது."

"நான் வரேன்," என்றார் வெர்னான். பத்து நாளில் அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம்.

"சரி, அவர் வண்டியிலயே—" என்றேன்.

"ஒரே வண்டியில ரெண்டு கட்சி உட்காரக் கூடாது. தொற்று விதி."

"கட்சி தொத்துமா?" என்றார் வெர்னான்.

"மூச்சு தொத்தும். வேற வேற வண்டி. அவ்வளவுதான்."

ஒரு வாக்கு, இரண்டு கட்சி, இரண்டு வண்டி, ஐம்பத்தெட்டு மைல். அதோடு ஒரு டேப்லெட், பாதுகாப்பானதாம்.

நவம்பர் 7, சனி

முன்னால் அவர் பிக்கப், பின்னால் என் கார். போனில் பேசிக்கொண்டே போனோம். "வளைவுல பனி இருக்கு, மெதுவா வா. நான் சொல்ற வரைக்கும் பிரேக்கை—" சிக்னல் போய்விட்டது. பிரேக்கை என்ன செய்வது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டின் மூன்று பக்கமும் கரிந்த மரங்கள். ஓபல் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். தொளதொளத்த கோட்டு, பூப்போட்ட முகக்கவசம். வலது கை பைக்குள்.

"ஒரு ஓட்டுக்கு ரெண்டு வண்டியா? நான் என்ன கவர்னரா?"

டேப்லெட்டை நீட்டினேன். விரலால் கையொப்பமிடவும் என்றது. பிறகு சின்னச் சக்கரம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிணையம் இல்லை.

"இது என் அடுப்பை விட மெதுவா சூடாகுது," என்றார் ஓபல்.

வெர்னான் பிக்கப்புக்குப் போய் காகிதப் படிவம் கொண்டுவந்தார்.

ஓபல் உள்ளே போய் ஒரு கட்டுத் தாள் எடுத்துவந்து காட்டினார். பழைய மதிய உணவுப் பட்டியல்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் அவருடைய பெயர். வரிசை வரிசையாக, சாய்ந்து, எழுந்து, மறுபடி சாய்ந்து.

"மூணு நாள் எழுதிப் பார்த்துட்டுத்தான் உறையில போட்டேன். ஒரு உறைதானே குடுத்தீங்க." பிறகு கேட்டார்: "மெஷின் வேணாம்னு சொன்னா எனக்குக் கோபமில்ல. அதுக்குக் கண்ணா இருக்கு? அதுக்கப்புறம் ஆளுங்க பார்ப்பாங்கன்னு கடுதாசியில போட்டிருந்துச்சு. பார்த்தது யாரு?"

"ரெண்டு பேரும்தாம்மா," என்றார் வெர்னான்.

"இல்ல," என்றேன். "இவர் தள்ள வேணாம்னாரு. என் கையெழுத்தை இவர் தள்ளிட்டாருன்னு எனக்கு ஆத்திரம். வாயாலயே மடக்கி இவரை அழுத்த வெச்சேன். உங்க பேரை நான் சரியாக்கூடப் பார்க்கல."

ஓபல் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். சதுரம் பார்த்த மாதிரி இல்லை.

"இந்த ஊர்ப் பள்ளிக்கூடமா படிச்சே?"

"ஆமாம்."

"அப்ப என் கையால சாப்பிட்டிருக்கே. பேனாவைக் குடு."

ஒரு கையொப்பத்துக்கு நாலு நிமிடம் ஆனது. காற்றில் தாள் பறக்காமல் ஒரு மூலையை வெர்னான் பிடித்துக்கொண்டார், மறு மூலையை நான். இரண்டு கட்சிகளுக்கு நடுவில் ஆறடி இல்லை. விதி மீறல்தான்.

எழுதி முடித்ததும் வெர்னான் தாளை என் பக்கம் திருப்பினார். "பொருந்துதா, காலேஜு?"

"பொருந்துது."

ஓபலின் உரிமத்தைப் படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் சிக்னல் வந்ததும் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. நாட்டின் முடிவை அறிவித்துவிட்டார்களாம். எந்தச் சின்னம் என்று இருவருக்கும் தெரியும். வெர்னான் போனில் வந்தார். "பிரேக்கை மிதிக்காதேன்னு சொல்ல வந்தேன்," என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 8, ஞாயிறு

ஓபல் ஹெனிகர்: ஏற்கப்பட்டது. பச்சையில் ஒரு சிறு புள்ளி. பார்த்தேன்.

பிறகு எங்கள் இருவர் பெயரிலும் பதிவான சிவப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஓபலைத் தவிர மொத்தம் நாற்பத்தொன்று. அக்டோபர் 27க்கு முன்னால், இரண்டு வாரத்தில், மூன்று. மீதி முப்பத்தெட்டும் நான் ஜெயித்த நாளிலிருந்து. பன்னிரண்டு பேர் கைப்பேசியில் சரிசெய்துவிட்டார்கள், என்னைப் போல. இருபத்தொன்பது பேர் பாக்கி. எண் உள்ளவர்கள் பதினெட்டு. இல்லாதவர்கள் பதினொன்று.

வெர்னானைக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு லீவு, காலேஜு."

"தெரியும். இருபத்தொன்பது பேர் இருக்காங்க."

"சர்ச் பன்னிரண்டுக்கு முடியும். டேங்கை ரொப்பிக்கோ."

பதினெட்டு பேரையும் பன்னிரண்டு மணிக்குள் கூப்பிட்டேன். மற்ற பதினொன்றையும் சாலை வாரியாகப் பிரித்து, காகிதப் படிவங்களைக் காரில் வைத்தேன்.